ஓவன் இல்லை, ஃபிரிட்ஜ் இல்லை, ஒரே ஆள்: என்ன சமைத்துச் சாப்பிடலாம்?

முத்துக்கடை மாடி அறை:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 24 வயது, சொந்த ஊர் போளூர் பக்கம். ராணிப்பேட்டை சிப்காட்டில் ஷூ தைக்கும் கம்பெனியில் வேலை கிடைத்து நாலு மாதம் ஆகிறது. முத்துக்கடையிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு மாடி அறை எடுத்துத் தனியாக இருக்கிறேன். இதுவரை மூன்று வேளையும் ஓட்டல்தான். இட்லி, அளவுச் சாப்பாடு, இரவில் பரோட்டா என்று ஒரு நாளைக்கு 200 ரூபாய்க்குக் குறைவதில்லை. வீட்டுக்கு அனுப்ப வேண்டிய பணம் இப்படிப் போகிறது. வயிறும் சரியில்லை, படுத்தால் நெஞ்செரிச்சல்.

முதலில் ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கினேன். மூன்றாம் நாளே பிளக் பாயின்ட் உருகிக் கருகிவிட்டது. இனி கரன்ட் அடுப்பே கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். இப்போது 5 கிலோ சிலிண்டரும் ஒற்றை பர்னர் அடுப்பும் வைத்திருக்கிறேன். மூன்று லிட்டர் குக்கர், ஒரு தோசைக்கல், ஒரு அலுமினியக் குண்டான். மிக்சி, ஃபிரிட்ஜ் எதுவும் இல்லை. ஒரு ஆளுக்கான சமையல் என்று தேடினால், வருகிற வீடியோக்களில் பாதியில் ட்ரேயில் அடுக்கி ஓவனுக்குள் வைக்கிறார்கள். சரி என்று சாம்பார் வைத்துப் பார்த்தேன். எவ்வளவு குறைத்தாலும் மீந்துவிடுகிறது, மாலைக்குள் நுரைத்துப் போகிறது. மூன்று முறை கொட்டிவிட்டேன், மனசு கேட்கவில்லை.

காலை ஏழே காலுக்குக் கிளம்ப வேண்டும். அம்மாவிடம் கேட்டால் "வேலையை விட்டுட்டு வந்துடு" என்று அழ ஆரம்பிக்கிறார். அதனால்தான் இங்கே கேட்கிறேன்.


பழைய ரூம்மேட்:

நண்பா, பிளக் பாயின்ட் உருகியது உன் தப்பில்லை. 1500 வாட் அடுப்பு ஆறரை ஆம்பியர் வரை இழுக்கும். வாடகை அறைகளில் ஃபேனுக்கும் லைட்டுக்கும் போட்டிருப்பது 5 ஆம்பியர் பாயின்ட். அது தாங்காது. கேஸுக்கு மாறியது நல்லதுதான்.

உன் குக்கர் போதும். அடியில் கால் டம்ளர் பருப்பு, அதன் மேல் ஒரு டப்பாவில் அரிசி, அரிசி மேலேயே கழுவிய முட்டை ஒன்று. ஒரே விசில் கணக்கில் மூன்றும் வெந்துவிடும், கேஸும் மிச்சம். பருப்பில் உப்பு, நெய், நசுக்கிய பூண்டு போட்டுப் பிசைந்தால் அன்றைய மதியத்துக்கு ஆயிற்று. சத்துவாச்சாரியில் இருந்த இரண்டு வருஷமும் நான் இப்படித்தான் ஓட்டினேன்.


குடியாத்தம் அம்மா:

தம்பி, உன் கேள்வியைப் படித்ததிலிருந்து அந்தக் கொட்டிய சாம்பார்தான் மனசில் நிற்கிறது. எனக்கும் அது நடந்திருக்கிறது.

என் வீட்டுக்காரருக்கு வேலூரில் வைத்தியம் நடந்தபோது நாலு மாதம் ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்தில் ஒரு லாட்ஜில் இருந்தேன். பத்துக்குப் பத்து அறை, வாடகைக்கு எடுத்த ஒற்றை அடுப்பு. அவருக்கு ஆஸ்பத்திரியிலேயே சாப்பாடு, அதனால் எனக்கு மட்டும்தான் சமையல். இருபது வருஷமாக ஆறு பேருக்கு ஆக்கிய கைக்கு ஒருத்திக்கு அளவு தெரியவில்லை. முதல் வாரம் முழுக்க மீந்தது, கெட்டது, கொட்டினேன். அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. இன்றும் ஒருத்திக்குத்தான் சமைக்கிறேன். அதனால் தெரிந்து சொல்கிறேன்: தனி ஆள் குழம்பு வைக்காதே. புளி கரைத்து, பருப்பு வேகவைத்து, காய் போட்டு, தாளித்து என்று செய்கிற வேலையெல்லாம் நாலு பேருக்கானது. அதைச் சுருக்கினால் ருசியும் போகும், மீதியும் நிற்கும். கடைசல், துவையல், பொடி இவற்றைக் கைப்பிடி அளவுக்கும் செய்யலாம். நம்ம வட ஆற்காட்டுச் சாப்பாடே அதுதானே. களி, கூழ், அதற்குத் தொட்டுக்கொள்ள ஏதோ ஒன்று.

நீ போளூர்க்காரன், களி உனக்குப் புதுசில்லை. ஆனால் அம்மா கிண்டுவதைப் பார்த்திருப்பாய், நீ கிண்டியிருக்க மாட்டாய். ஒரு ஆளுக்கு அளவு சொல்கிறேன். கால் டம்ளர் அரிசி நொய்யைக் கழுவி மூன்று டம்ளர் தண்ணீரில் உப்புப் போட்டு வேகவிடு. நொய் நசுங்குகிற பதம் வந்ததும் அந்தக் கஞ்சியில் அரை டம்ளர் எடுத்துத் தனியாக வை. இப்போது ஒரு டம்ளர் கேழ்வரகு மாவை நடுவில் குவியலாகக் கொட்டு. கிளறாதே. இங்கேதான் எல்லோரும் அவசரப்படுவார்கள். கரண்டிக் காம்பால் குவியலின் நடுவில் ஒரு ஓட்டை போடு, கொதி அது வழியாக மேலே வந்து மாவை வேகவைக்கும். தீயைக் குறைத்து மூடி ஏழெட்டு நிமிஷம் விடு. மாவின் வெளிர் நிறம் போய்க் கறுத்து வரும், பச்சை வாசம் போயிருக்கும். அப்புறம் இறக்கிக் கிண்டு.

கிண்டும்போது குண்டான் சுற்றும். வீட்டில் இன்னொருவர் பிடித்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் கவைக்கோல் இருக்கும். அந்த லாட்ஜ் அறையில் எனக்கு இரண்டும் கிடையாது. ஒரு பழைய துண்டை நனைத்துப் பிழிந்து சும்மாடு மாதிரி தரையில் சுருட்டிப் போட்டேன். அதன் மேல் குண்டானை அழுத்தி வைத்து, நீண்டிருந்த இரண்டு முனைகளையும் குண்டானை ஒட்டி மேலே இழுத்து இடது கையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். ஈரத் துணி தரையோடு ஒட்டிக்கொள்ளும், நகராது, கையும் சுடாது. வலது கையில் துடுப்பு. உனக்குத் துடுப்பு இல்லையென்றால் கனமான மரக்கரண்டி வாங்கிக்கொள், எவர்சில்வர் கரண்டி வளைந்துவிடும். ஓரத்தில் அழுத்தி நடுவுக்கு இழுக்க வேண்டும். கெட்டியாக இருந்தால் எடுத்து வைத்த கஞ்சியைக் கொஞ்சம் விடு. தண்ணீர் தொட்ட விரலால் களியைத் தொட்டுப் பார், ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது. ஈரத் தட்டில் போட்டு உருட்டினால் இரண்டு உருண்டை வரும்.

ஒன்று ராத்திரிக்கு. இன்னொன்றை ஒரு பாத்திரத்தில் முழுகத் தண்ணீர் ஊற்றிப் போட்டு வை. காலையில் கையால் கரைத்து, மோரும் சின்ன வெங்காயமும் உப்பும் போட்டுக் குடித்துவிட்டு ஏழே காலுக்குக் கிளம்பு. அடுப்பே பற்றவைக்க வேண்டாம். மதியம் பன்னிரண்டு வரை பசி எடுக்காது.

தொட்டுக்கொள்ள வேர்க்கடலைப் பொடி. நம்ம பக்கம் கடலைக்குப் பஞ்சமில்லை. கால் கிலோ வேர்க்கடலையைத் தோசைக்கல்லில் சின்னத் தீயில் வறுத்துத் தோலை ஊதிவிடு. அதே கல்லில் எட்டுக் காய்ந்த மிளகாய், கொட்டைப்பாக்கு அளவு புளி. மிக்சி இல்லை என்று சொன்னாயே, சின்ன இடிகல் ஒன்று வாங்கு. முதலில் மிளகாயும் கல்லுப்பும் புளியும், கடைசியில் கடலை. நைசாக இடிக்காதே, எண்ணெய் விட்டுக் கட்டியாகிவிடும். ஈரம் படாத டப்பாவில் பத்து நாள் தாங்கும். களிக்கு அதில் தண்ணீர் தெளித்துப் பிசைந்தால் துவையல். சோற்றுக்கு நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்துகொள். பூண்டு வேண்டுமென்றால் சாப்பிடும்போது நசுக்கிச் சேர், பொடியில் போட்டால் ஈரம் ஏறும்.

அப்புறம் கத்திரிக்காய். அணைக்கட்டு பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தையில் கண்ணில் பட்டால் விடாதே. காம்பில் முள் இருக்கும், பார்த்து எடு. நாலு காய், ஒரு தக்காளி, இரண்டு பச்சை மிளகாய், இரண்டு சின்ன வெங்காயம் எல்லாம் சேர்த்து வேகவைத்துக் கடைந்து, கடுகு தாளித்தால் ஒரு நேரத்துக்குச் சரியாக இருக்கும், மீறாது. வேகவைக்கக்கூடப் பொறுமை இல்லாத நாளில் பெரிய காயாக ஒன்றை எண்ணெய் தடவி அடுப்புத் தீயிலேயே திருப்பித் திருப்பிச் சுடு. தோல் கருகி உரியும். உப்பு, வெங்காயம், மிளகாய் போட்டுப் பிசை. ஓவன் இல்லையே என்று ஏங்காதே தம்பி. நம்ம வீடுகளில் எப்போது இருந்தது? சுட வேண்டியதை எல்லாம் தணலிலும் கல்லிலும்தானே சுட்டோம்.

இன்னொன்று. லாட்ஜில் பக்கத்து அறையில் கல்கத்தா பக்கத்திலிருந்து மகனுக்கு வைத்தியம் பார்க்க வந்த ஒரு பெண் இருந்தாள். என் பாஷை அவளுக்குத் தெரியாது, அவள் பாஷை எனக்குத் தெரியாது. ஒருநாள் நான் வெறும் ரசத்தோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினாள். சோறு கொதிக்கும்போதே தோலோடு ஒரு உருளைக்கிழங்கை உள்ளே போட்டுவிடுகிறாள். சோறு வடிக்கும்போது கிழங்கும் வெந்திருக்கும். உரித்து, பச்சை வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, மேலே பச்சைக் கடுகெண்ணெய் விட்டுப் பிசைவாள். ஆலு பாத்தே என்பாள். கடுகெண்ணெய் எனக்கு மூக்கில் ஏறியது, நான் நல்லெண்ணெய் விட்டுக்கொண்டேன். ஒரு பாத்திரம், ஒரு அடுப்பு, கழுவவும் ஒன்றுதான். இன்றும் வாரம் ஒருநாள் செய்கிறேன், அந்தப் பிள்ளை தேறி ஊருக்குப் போன நாளும் ஞாபகம் வரும்.

கீரை, கொள்ளு, முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை இதெல்லாம் போகப்போக நீயே பழகிக்கொள்வாய். முதலில் களியைப் பிடி.


இரவுப்பணி நர்ஸ்:

அம்மா சொன்னது எல்லாமே நல்ல சாப்பாடு. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. புரதம் மட்டும் ஏழு கிராம் அளவுதான், அதனால் முட்டை, பருப்பு, கடலை மூன்றில் ஒன்று தினமும் இருக்கட்டும்.

இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். மோரில் கரைத்த களி, நீராகாரம், புளி சேர்ந்தது எதையும் அலுமினியக் குண்டானில் ராத்திரி முழுக்க வைக்காதீர்கள். புளிப்பு அலுமினியத்தை அரிக்கும். மண்சட்டி வாங்கினால் நல்லது, அதன் மேல் நீர் கசிந்து காய்வதால் உள்ளே இருப்பதும் குளிர்ச்சியாக இருக்கும். மே மாத வெயிலில் மாடி அறையில் அது பெரிய உதவி.

இரண்டாவது, மதியம் வடித்த சோற்றை அப்படியே மூடி வைத்து இரவில் சூடுபண்ணிச் சாப்பிடுவது. நம்ம ஊர் வெயிலில் இது வேண்டாம். வெந்த சோற்றில் வளரும் சில கிருமிகள் விடுகிற நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. வாந்தியோடு வருகிறவர்களிடம் கேட்டால் பாதிப் பேர் இதைத்தான் சொல்வார்கள். இரவுச் சோறு மீந்தால் ஆறியதும் முழுகத் தண்ணீர் ஊற்றி, காலையில் முதல் வேலையாகச் சாப்பிட்டுவிடுங்கள். நூல் விட்டாலோ கெட்ட வாடை வந்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். தம்பி, பரோட்டாவை நிறுத்தி இரண்டு வாரம் ஆன பிறகும் நெஞ்செரிச்சல் இருந்தால் டாக்டரைப் பாருங்கள்.


முத்துக்கடை மாடி அறை:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து வந்து சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மண்சட்டி, இடிகல், மரக்கரண்டி மூன்றும் வாங்கினேன். முதல் நாள் களி உள்ளே வெள்ளை வெள்ளையாக மாவுக் கட்டி. பொறுக்க மாட்டாமல் நாலு நிமிஷத்திலேயே மூடியைத் திறந்துவிட்டேன். இரண்டாம் நாள் மணி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த ஓட்டை வழியாகக் கஞ்சி குமிழ் குமிழாக மேலே வந்ததைப் பார்த்ததும் எங்கள் வீட்டு விறகடுப்பு ஞாபகம் வந்துவிட்டது. ஈரத்துண்டு யோசனை அருமை அம்மா, குண்டான் அசையவே இல்லை. ஆனால் உருண்டை பிடித்தால் கொஞ்ச நேரத்தில் தட்டில் படர்ந்துவிடுகிறது.

மதியத்துக்கு குக்கர் அடுக்கு, கூட வேர்க்கடலைப் பொடி. பக்கத்து மெஷின் அண்ணன் தினமும் என் டப்பாவிலிருந்து ஒரு ஸ்பூன் பொடி எடுத்துக்கொள்கிறார். பத்து நாளில் அரிசி, மாவு, காய், முட்டை, மண்சட்டி எல்லாம் சேர்த்து 840 ரூபாய். முன்பு அது நாலு நாளில் போய்விடும். ராத்திரி நெஞ்செரிச்சல் குறைந்திருக்கிறது. அம்மாவிடம் களி கிண்டியதை வீடியோ காலில் காட்டினேன். அழவில்லை, "தீயை இன்னும் குறை" என்றார்.


குடியாத்தம் அம்மா:

உன் அம்மா சொன்னது சரி, தீ இன்னும் குறையட்டும். படர்கிறது என்றால் தண்ணீர் அதிகம். மில்லில் அரைத்த மாவு ஒரு மாதிரி இழுக்கும், பாக்கெட் மாவு வேறு மாதிரி இழுக்கும். தண்ணீரை அப்படியே வைத்துக்கொண்டு மாவைக் கால் டம்ளர் கூட்டு. வேலைக்குப் போகிற பிள்ளை, உனக்கு அது வேண்டும்தான். அந்த அண்ணனுக்குத் தனியாக ஒரு சின்ன டப்பாவில் பொடி கொடுத்துவிடு.