அப்பாவோட காது மெஷின் விசிலடிக்குது, மாட்டவே மாட்டேங்கிறாரு

அப்பாவுக்கு 78 வயசு, நாலு மாசம் முன்னாடி காதுக்குப் பின்னாடி மாட்டுற மெஷின் வாங்கினோம், ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டின 13 நம்பர் பேட்டரி போடுற டைப். மூணு வாரமா வலது பக்கம் மட்டும் கீச்சுனு விசில், சாப்பிடும்போது தாடை அசைஞ்சா இன்னும் ஜாஸ்தி.

பண்ணிப் பாத்தது: டாக்டர்கிட்ட காது அழுக்கு எடுத்தாச்சு. பேட்டரி புதுசு, ஸ்டிக்கரை உரிச்சு ஒரு நிமிஷம் காத்து பட விட்டுத்தான் போடுறோம். காதுக்குள்ள போற ரப்பர் டோமை ஒரு சைஸ் பெருசாக்கினா வலிக்குதுங்கிறாரு. சவுண்டைக் குறைச்சா விசில் நிக்குது, பேச்சும் சேந்து நின்னுடுது. வாங்கின இடத்துல ரெண்டு தடவையும் "பழகிடும்"னு அனுப்பிட்டாங்க (விசிலுக்கு எப்படிங்க பழகுறது).

இப்ப மெஷின் சட்டைப் பாக்கெட்லதான் இருக்கு. எல்லாரும் பேசும்போது சும்மா தலையாட்டுறாரு, நேத்து என் பையன் ஜோக்கை முடிக்கிறதுக்குள்ளயே சிரிச்சிட்டாரு, அப்பதான் ஒண்ணுமே கேக்கலனு எனக்கு உறைச்சுது, முன்னாடி வீட்ல அதிகமா பேசுறதே அவர்தான்.

டோமுக்குப் பதிலா காதுக்கு அளவெடுத்து செய்யுற மோல்டு போட்டவங்க யாராவது இருக்கீங்களா, மெல்லும்போது வர்ற விசில் அதுல நின்னுச்சா?