1932இல் அதிகாரத்தை இழந்த தாய்லாந்து முடியாட்சி மீண்டும் வலுப்பெற்றது எப்படி?

கேள்வி:
1932 ஜூன் 24 விடியற்காலையில், இளநிலை, இடைநிலை அதிகாரிகள் பலரைக் கொண்ட மக்கள் கட்சி என்ற சிறு குழு, சயாமின் (இன்றைய தாய்லாந்தின்) வரம்பற்ற முடியாட்சிக்கு முடிவு கட்டியது. அரசர் பிரஜாதிபோக், இங்கிலாந்தில் இருந்தபடியே 1935இல் முடிதுறந்தார். ஆனால் 1992 மே மாதம், பாங்காக்கில் படையினர் போராட்டக்காரர்களைச் சுட்டுக் கொன்ற பிறகு, பிரதமர் சுசிந்தாவும் போராட்டத் தலைவர் சம்லோங்கும் அரசர் பூமிபோலின் முன் தரையில் அமர்ந்து அவருடைய கண்டிப்பைக் கேட்கும் காட்சி தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. சில நாள்களில் சுசிந்தா பதவி விலகினார். இந்தத் தலைகீழ் மாற்றத்தை நிகழ்த்தியவர் அரசரா, படைத்தலைவர்களா?

மறுமொழி 1:
ஒரே பெயரைச் சொல்ல வேண்டுமென்றால், ஃபீல்டு மார்ஷல் சரித் தனரத் என்பேன். அவருக்கு முன் நாட்டை ஆண்ட பிபூன் சொங்க்ராம் 1932 புரட்சியில் பங்கேற்றவர். அரண்மனையின் தயவு இல்லாமலே ஆள முடியும் என்று நம்பியவர். சரித்துக்கு அப்படிப்பட்ட புரட்சிப் பின்னணி எதுவும் இல்லை. 1957 செப்டம்பர் 16 அன்று பிபூனைக் கவிழ்த்தபோது அவர் கையில் இருந்தது படைபலம் மட்டுமே. ஆளும் உரிமையை வேறிடத்திலிருந்துதான் பெற்றாக வேண்டும். பூமிபோல் அன்றே அவரைத் தலைநகரின் காவலராக நியமித்தார். அதற்குக் கைம்மாறாக, ஜூன் 24ஆக இருந்த தேசிய நாள் 1960இல் அரசரின் பிறந்தநாளான டிசம்பர் 5க்கு மாற்றப்பட்டது. கைவிடப்பட்டிருந்த அரச படகு ஊர்வலமும் ஏர் பூட்டும் விழாவும் மீண்டும் நடைபெறத் தொடங்கின. அரசரும் அரசியும் உள்நாட்டு மாகாணங்களுக்கும் அமெரிக்கா போன்ற வெளிநாடுகளுக்கும் பயணம் செய்தனர். சரித்தோ தம் இடைக்கால அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவைக் கொண்டு விசாரணையின்றியே மரண தண்டனை விதித்து வந்தார். 1963இல் அவர் இறந்த பின் வெளிப்பட்ட பெரும் சொத்தை, அவருக்குப் பின் பிரதமரான தனோம் அதே 17ஆம் பிரிவைப் பயன்படுத்தியே பறிமுதல் செய்தார் என்பது வரலாற்றின் நல்ல நகைச்சுவை.

மறுமொழி 2:
மேலே எழுதிய நண்பருடன் பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆயினும் கதையைச் சரித்திலிருந்து தொடங்குவது, அரண்மனை அதுவரை சும்மா இருந்தது போன்ற தோற்றத்தைத் தருகிறது. 1946 ஜூன் 9 அன்று பூமிபோலின் அண்ணனான இளம் அரசர் ஆனந்த மகிதோல் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து இறந்தபோது, அந்தப் பழியை மக்கள் கட்சியின் மூளையாக விளங்கிய பிரிடி பனோம்யோங் மீது சுமத்தியவர்களில் அரச ஆதரவாளர்கள் முன்னணியில் நின்றனர். அடுத்த ஆண்டு நவம்பரில் நடந்த ஆட்சிக் கவிழ்ப்பில் அவர்கள் படையினருடன் கைகோத்தனர். 1949 அரசியல் சட்டத்தின் வழியே செனட் உறுப்பினர்களை நியமிக்கும் உரிமையை அரசருக்குப் பெற்றுத் தந்தனர். 1951 நவம்பரில், பூமிபோல் கப்பலில் தாயகம் திரும்பிக்கொண்டிருந்த வேளையில், படைத்தலைவர்கள் அந்தச் சட்டத்தையே நீக்கிவிட்டார்கள். ஆகவே சரித் செய்தது, அரண்மனை தனியாக முயன்று தோற்ற ஒன்றைப் படையின் துணையோடு நிறைவேற்றித் தந்ததுதான்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் அரசர் எப்போதும் படையைச் சார்ந்தே இருந்தார் என்று கொள்ளலாமா?

மறுமொழி 3:
அப்படிக் கொள்ள முடியாது. 1970களிலிருந்து சார்பு இருபுறமும் இருந்தது. 1973 அக்டோபர் 14 அன்று, தனோமின் ஆட்சியை எதிர்த்துப் போராடியபோது சுடப்பட்டு ஓடிவந்த மாணவர்கள் சித்ரலதா அரண்மனை வளாகத்தில் தஞ்சம் புகுந்தனர். அன்று மாலையே தனோமின் விலகலை அறிவித்த அரசர், சட்ட அறிஞர் சன்யா தர்மசக்தியைப் பிரதமராக்கினார். இதைவிடத் தெளிவான சான்று 1981 ஏப்ரல் கவிழ்ப்பு முயற்சி என்பேன். தலைநகரில் கிளர்ச்சியாளர்களின் படைபலமே மேலோங்கியிருந்தது. ஆனால் பிரதமர் பிரேம் தின்சுலானோந்தா அரச குடும்பத்துடன் கோராட் நகருக்குச் சென்றுவிட்டார். அரசர் எந்தப் பக்கம் என்பது தெரிந்ததும் அம்முயற்சி மூன்றே நாளில் கலைந்தது. 2006இல் பிரதமர் தக்சினைக் கவிழ்த்த தளபதிகள் அன்றிரவே அரசரைக் காணச் சென்றதற்கும், 2014இல் ஆட்சியைக் கைப்பற்றிய படைத்தலைவர் பிரயூத் நான்கு நாள்களுக்குள் அரச ஒப்புதல் ஆணையைப் பெற்றதற்கும் காரணம் அந்தப் பாடமே.

பூமிபோலின் செல்வாக்கு எழுபது ஆண்டு ஆட்சியில் சேர்ந்தது. அவருடைய மகன் வஜிரலோங்கோர்ன் வேறு வழியை நாடுகிறார். 2019இல் பாங்காக்கில் நிலைகொண்ட இரு காலாட்படைப் பிரிவுகள் அவசர ஆணை ஒன்றின் மூலம் அவருடைய நேரடிக் கட்டுப்பாட்டுக்கு மாற்றப்பட்டன. நாடாளுமன்றத்தில் அதை எதிர்த்து வாக்களித்த 70 பேரும் எதிர்க்கட்சியான எதிர்கால முன்னோக்குக் கட்சியினர். சில மாதங்களுக்குப் பிறகு, அதன் தலைவர் கட்சிக்குக் கொடுத்த கடனைக் காரணம் காட்டி, அரசியல் சட்ட நீதிமன்றம் அக்கட்சியைக் கலைத்தது.