கம்பஸ் அப்ளிகேசனில விருப்ப ஒழுங்கை மாத்தலாமோ?

அண்ணாக்கள் அக்காக்கள், நான் யாழ்ப்பாணம், ஏ.எல் (உயர்தரம்) மட்ஸ் பிரிவு. வீட்டை இன்ஜினியரிங்கை முதல் போடச் சொல்லீனம், எனக்கு இப்ப கம்ப்யூட்டர் சயன்ஸ்லதான் ஆசை, அதை ரெண்டாவதாப் போட்டுட்டுப் பிறகு ஒண்டைத் தெரிவு செய்யலாமோ?

பதில் 1: இல்லை தம்பி. மேல இருந்துதான் பாத்துக்கொண்டு வருவினம், உம்மட இசட் ஸ்கோர் (ஏ.எல் மார்க்ஸைத் தரப்படுத்தி வாற புள்ளி) முதல் எதுக்குக் காணுதோ அதுதான் கிடைக்கும். இன்ஜினியரிங் கிடைச்சா கீழ உள்ளதைப் பாக்கவே மாட்டினம். அனுப்ப முதலே மாத்தும்!

பதில் 2: ஓம், விருப்பமானதை மேல போட்டா கீழ உள்ளதுக்குச் சான்ஸ் குறையுமெண்டு கனபேர் பயப்பிடுகினம், அப்பிடியில்லை. கம்பஸ் இடங்களில 40 வீதம் நாடு முழுக்க மெரிட்டில, 55 வீதம் மாவட்டக் கோட்டாவில குடுக்கினம், அதால போன வருச யாழ்ப்பாண வெட்டுப்புள்ளியை (எடுபடத் தேவைப்பட்ட ஆகக்குறைஞ்ச இசட் ஸ்கோர்) அப்பாட்டக் காட்டிக் கதையும்.

கேட்டவர்: நன்றி அக்கா, இண்டைக்கே கதைக்கிறன்.