பிராக், பிராகா: தலைநகரப் பெயர்களைத் தமிழில் எப்படி எழுதுவது?

மயிலை மெய்ப்பு:
பள்ளி மாணவர்களுக்கான உலகத் தலைநகர அட்டவணை ஒன்றைத் தமிழில் போடுகிறேன். மூலம் ஆங்கிலம். செக் நாட்டார் பிராஹா என்பது ஆங்கிலத்தில் பிராக் ஆகிறது, வீன் வியன்னா ஆகிறது. ஓஸ்லோவும் ஹனோயும் அப்படியே நிற்கின்றன. ஆங்கிலத்துக்கு இதில் விதி ஏதும் உண்டா? ஆங்கில எழுத்தைப் பார்த்தே எழுதினால் எங்கே இடறும்?

கேணிக்கரை:
விதியைத் தேடினால் கிடைக்காது சார். பெயர் யார் வழியாக, எப்போது வந்தது என்று பாருங்கள். பழைய வணிக, அரசியல் தொடர்புள்ள ஊர்ப்பெயர்கள் பெரும்பாலும் இடையில் ஒரு மொழியைத் தொட்டுத்தான் ஆங்கிலத்துக்கு வந்தன. கோபன்ஹேகன் வட ஜெர்மானிய வணிகர் வடிவம். கெய்ரோ, அரபியின் அல்-காஹிரா இத்தாலியர் வாயில் சுருங்கியது. தொடர்பு பிந்தி ஏற்பட்ட ஊர்கள் உள்ளூர் வடிவத்திலேயே வந்தன. ஓஸ்லோ தனிக்கதை: 1924 கடைசி வரை அதற்குக் கிறிஸ்டியானியா என்று பெயர், 1925இல்தான் ஓஸ்லோ.

ஆங்கிலம் எல்லாவற்றையும் சிதைத்தது என்பதும் சரியல்ல. பல பெயர்களில் உள்ளூரார் கைவிட்ட ஒலியை அது வைத்திருக்கிறது. செக் மொழியில் 'க' ஒலி 13ஆம் நூற்றாண்டு வாக்கில் 'ஹ' ஆனது. லத்தீன் பிராகாவிலும் ஆங்கிலப் பிராக்கிலும் பழைய ஒலி நிற்கிறது. பாரிஸின் கடைசி 'ஸ்' பழைய பிரெஞ்சில் ஒலித்ததுதான். ஏதென்ஸின் 'ஸ்', பண்டைக் கிரேக்கத்தில் அந்தப் பெயர் பன்மையாக இருந்ததன் மிச்சம். பர்மிய மொழியில் எழுத்தில் இன்றும் 'ர', பேச்சில் 'ய'. அதனால்தான் நாம் ரங்கூன் என்பது அங்கே யாங்கோன். (அது இப்போது தலைநகரமே அல்ல. நேபிடோ என்று போடுங்கள். பழைய பொது அறிவு நூல்களிலிருந்து நகலெடுத்தால் இங்கேதான் மாட்டுவோம்.)

ஒலிப்பெயர்ப்பு:
இடறும் இடங்கள் சொல்கிறேன்.

'ஜே' எழுத்து: ஐஸ்லாந்திலும் ஸ்லோவேனியாவிலும் அது 'ய' ஒலி. ரெய்க்ஜாவிக் தவறு, ரெய்க்யவிக் சரி. லுப்ல்ஜானா அல்ல, லியுப்லியானா. பெய்ஜிங்கில் மட்டும் நம் 'ஜ' சரி; அங்கே ஆங்கில அறிவிப்பாளர்கள் பலர் பிரெஞ்சு பாணியில் 'ஷ'வை ஒட்டிய ஒலி போடுவார்கள், அதைப் பின்பற்றாதீர்கள்.

உயிர்களைப் பிரிப்பது: தென்கொரியத் தலைநகர் சோலின் (Seoul) ஆங்கில எழுத்துகள் மூன்று உயிரைக் காட்டும். கொரிய மொழியில் 'இ', 'ஓ' இரண்டும் சேர்ந்து ஒரே உயிர்க்குறி, 'யு' தனி. எனவே 'சொ-உல்' போல இரண்டு அசை. 'சியோல்' தவறான இடத்தில் வெட்டியதால் வந்தது.

உதிர்ந்த குறிகள்: மால்டோவா தலைநகரின் பெயரில் 'எஸ்' அடியில் ஒரு சிறு கொக்கி உண்டு, ஆங்கில அச்சு அதை விட்டுவிடும். ருமேனிய மொழியில் 'சிஹெச்' என்றால் 'க'. இரண்டும் தெரியாமல் எழுதினால் 'சிசினாவ்'. கிஷினவ் என்று எழுதுங்கள்.

வார்சாவில் நமக்குக் கவலை இல்லை. போலந்தார் பல்லை உதட்டில் வைத்து 'வ' என்பதையும் ஆங்கிலேயர் உதடு குவித்துச் சொல்வதையும் தமிழ் ஒரே வகரத்தில் முடித்துவிடுகிறது.

மயிலை மெய்ப்பு:
நன்றி. அப்படியானால் எல்லாவற்றையும் உள்ளூர் ஒலிக்கே மாற்றிவிடலாமா? மாட்ரிட்டை மத்ரித் என்று?

கேணிக்கரை:
வேண்டாம். தமிழில் ஊன்றிவிட்ட வடிவம் இருந்தால் அதைத் தொடாதீர்கள்: லண்டன், பாரிஸ், ரோம், மாஸ்கோ, மாட்ரிட். பாடநூலிலும் நாளிதழிலும் ஒரே வடிவம் வந்தால் ஊன்றிவிட்டது என்று கொள்ளலாம். இல்லாதவற்றுக்கு மட்டும் உள்ளூர் ஒலியைத் தேடுங்கள். பிராக்கை 'பிரேக்' என்று வாசிக்கிறவர்கள் நிறைய. அதனால் பிராகாவே மேல். கீவ் பற்றிக் கேட்பார்கள்: உக்ரைன் 1995இல் தன் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றியது, அமெரிக்கப் புவிப்பெயர் வாரியம் 2019இல் ரஷ்ய வழி வடிவத்தைக் கைவிட்டது. தமிழில் கீவ் போதும், கியேவ் வேண்டாம். டாக்காவும் அப்படியே, 1982இல் மாறியது ஆங்கில எழுத்துக்கூட்டல்தான்.

ஒலிப்பெயர்ப்பு:
ஒரு எச்சரிக்கை. முழுக் கோப்பிலும் 'தேடி மாற்று' போடாதீர்கள். பீகிங்கை ஒட்டுமொத்தமாகப் பெய்ஜிங் ஆக்கினால் பீகிங் பல்கலைக்கழகமும் மாறிவிடும். அந்தப் பல்கலைக்கழகம் ஆங்கிலத்தில் இன்றும் பழைய பெயரைத்தான் வைத்திருக்கிறது. மெட்ராஸுக்கு இதைச் செய்தால் 'மெட்ராஸ் ஐ' வந்தவருக்குச் 'சென்னை ஐ' வந்துவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். ஆண்டுடன் வரும் வாக்கியத்தில் அந்தக் காலப் பெயரை அப்படியே வைத்து, முதல் முறை மட்டும் 'இன்றைய ஓஸ்லோ' என்று சேருங்கள்.

எழுத்துக்கூட்டல் மாற்றம் அச்சில் எவ்வளவு வேலை வைக்கும் என்பதற்கு நம் ஊரே சாட்சி: 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில வடிவத்தைத் தமிழ் ஒலிக்கு மாற்றி ஆணையிட்டு, சில நாளில் திரும்பப் பெற்றது.

கேணிக்கரை:
அட்டவணையில் மூன்றாவதாக ஒரு பத்தி போடுங்கள் சார், உள்ளூர்ப் பெயருக்கு. வீன், பிராஹா எல்லாம் அங்கே போகட்டும். அகரவரிசையைத் தமிழ் வடிவத்தை வைத்து மட்டும் அடுக்குங்கள்.