புதுப்பிப்பு: பேய்க்கப்பலின் பாய் ஒருவழியாகக் கிழிந்தது

பேய்க்கப்பல் மாடலின் பாய்கள் கத்தரியால் வெட்டியது போலவே தெரிகின்றன என்று போன தடவை புலம்பியிருந்தேன். சரி, அது தீர்ந்தது. மெல்லிய பருத்தித் துணியை டீத்தண்ணீரில் ஊறவைத்து, ஓரத்தில் ஊசியால் இழை இழையாக உருவினேன். நீர் கலந்த வெள்ளைப் பசை தடவி, கிழிசல்கள் எல்லாம் ஒரே பக்கம் பறக்கும்படி வளைத்துக் காயவிட்டேன். காற்று ஒன்றுதானே!

அப்புறம் கயிறுகள். பாய்மரத்தைத் தாங்கும் கயிறுகளுக்குத் தார் பூசுவார்கள் என்பதால் அவற்றுக்குக் கறுப்பு நூல். பாயை இழுப்பவற்றுக்கு வெளிறிய நூல். நாலைந்தை அறுத்துவிட்டால், தொங்காமல் அந்தரத்தில் விறைத்து நின்றன. பேய்க்கே சிரிப்பு வந்திருக்கும். பசை தொட்டு, நுனியில் கிளிப் மாட்டியதும் அடங்கின.

மேல்தளத்தில்தான் சொதப்பல். பழுப்பு அடித்துவிட்டேன்; வெயிலில் கிடந்த மரம் சாம்பலாகத்தானே வெளிறும்? மறுபடி தேய்க்க வேண்டும்.