புதுப்பிப்பு: தடைக்கால ஜெபத்துக்கு புலம்பல் 3

பதில் சொன்ன எல்லாருக்கும் ஸ்தோத்திரம். காசிமேட்டில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் (ஏப்ரல் 15 – ஜூன் 14) வீட்டு ஜெபத்துக்கு எதை வாசிக்கலாம் என்று கேட்டிருந்தேன்.

கைகொடுத்தது, பைபிளில் புலம்பல் புத்தகத்தின் 3-ஆம் அதிகாரத்தை நாளுக்கு மூன்று வசனமாக வாசிக்கும் யோசனை. எபிரெய மூலத்தில் மூன்று மூன்று வசனமாக, அகரவரிசைப்படி ஒரே எழுத்தில் தொடங்கும். 22 எழுத்து, 66 வசனம், 22 நாள்.

நேரே நம்பிக்கை பேசும் 22-ஆம் வசனத்தில் தொடங்கியபோது ஒட்டவில்லை. வட்டிக்கடன் கழுத்தை நெரிக்கிறவர்களுக்கு அங்கே அழ இடமே இல்லை. ஏழாம் நாள் 'எட்டியும் பிச்சும்' (கடும் கசப்பு) என்று வாய்விட்டு வாசித்த பிறகுதான், எட்டாம் நாள் காலைதோறும் புதிதாகும் இரக்கம் மனசில் இறங்கியது.

எதிர்பாராதது: 15-ஆம் நாள், 43-ஆம் வசனத்தில் புலம்பல் திரும்ப வருகிறது. "விசுவாசம் போயிடுச்சா?" என்று கேட்பார்கள். தயவுசெய்து அங்கே நிறுத்தாதீர்கள். 'பயப்படாதே' 57-ஆம் வசனத்தில், 19-ஆம் நாள்தான் வருகிறது.