வைட் ரிசீவருக்காக டிரேட்: தேறுமா தேறாதா, எப்படிக் கணிக்கிறீர்கள்?

சூடுபட்ட பேர்ஸ் ரசிகன்:
2022 நவம்பரில் அமெரிக்கக் கால்பந்து லீக்கான NFL-இல் எங்கள் சிகாகோ பேர்ஸ் அணி, ஸ்டீலர்ஸ் அணியிடமிருந்து டிரேடில் (அணிகளுக்கிடையே பண்டமாற்று) வைட் ரிசீவர் (எறியும் பந்தைப் பிடித்து ஓடுகிறவர்) சேஸ் கிளேபூலை வாங்கியபோது, பார்த்தவர்களிடமெல்லாம் பெருமை பேசித் திரிந்தவன் நான். பத்து ஆட்டம், 18 கேட்ச். அவ்வளவுதான். அடுத்த அக்டோபரில் டால்ஃபின்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். நாங்கள் கொடுத்தது டிராஃப்டில் (அணிகள் வருடாவருடம் சுற்றுச் சுற்றாகப் புது வீரர்களைத் தேர்ந்தெடுப்பது) இரண்டாம் சுற்று பிக், அதாவது ஒரு வீரரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு. 3-14 (3 வெற்றி, 14 தோல்வி) என்று லீக்கிலேயே கடைசி இடத்தில் முடித்ததாலும், கடைசி அணிக்கே முதல் வாய்ப்பு என்பதாலும் அது அந்தச் சுற்றின் முதல் பிக் ஆகிவிட்டது. அந்த வருடம் டால்ஃபின்ஸின் முதல் சுற்று பிக்கை லீக் பறித்திருந்ததால் 32ஆவது இடத்திலேயே வந்தது. 32 அணிகள் என்பதால், மற்ற வருடங்களில் 32ஆவது பிக் என்றால் அது முதல் சுற்று! ஸ்டீலர்ஸ் அதில் ஜோயி போர்ட்டர் ஜூனியரை எடுத்துக்கொண்டார்கள். இப்போதெல்லாம் எந்த ரிசீவர் பெயர் டிரேட் பேச்சில் அடிபட்டாலும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. நீங்கள் எதை வைத்துக் கணிக்கிறீர்கள்?

மூன்றாவது டவுன்:
பந்து எறிகிறவர், அதாவது குவார்ட்டர்பேக், யார் என்று பாருங்கள், போதும். 2022இல் ரெய்டர்ஸ் முதல் சுற்று, இரண்டாம் சுற்று பிக் இரண்டையும் கொடுத்து ரிசீவர் டெவான்டே ஆடம்ஸைக் கொண்டுவந்தார்கள். அவர் பந்தைப் பிடித்து 1,516 யார்டு தூரம், 14 டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்ப்பது) என்று வெளுத்து வாங்கினார். அணி 6-11. அவருடைய கல்லூரித் தோழரும் அணியின் குவார்ட்டர்பேக்குமான டெரெக் கார் என்பவரை சீசன் முடிவதற்குள் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார்கள்.

பழைய கணக்குப்பிள்ளை:
தம்பி, குவார்ட்டர்பேக் சரிதான். ஆனால் நான் முதலில் பார்ப்பது சம்பளக் கணக்கை. பிக் என்பது முன்பணம் மாதிரி. உண்மையான விலை அதற்குப் பிறகு எழுதும் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. 2022 டிராஃப்ட் அன்று ஈகிள்ஸ் 18ஆவது, 101ஆவது பிக்குகளைக் கொடுத்து ஏ.ஜே. பிரவுனை வாங்கி, கையோடு நான்கு வருடத்துக்கு 10 கோடி டாலர் எழுதிக் கொடுத்தார்கள். அவர்களுக்கு அது தாங்கியது. ஏனென்றால் அவர்களுடைய குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ் அப்போது இன்னும் சம்பளம் குறைவான புதுமுக ஒப்பந்தத்தில் இருந்தார், சம்பள உச்சவரம்புக்குள் (வீரர்களுக்கு ஓர் அணி செலவிட லீக் வைக்கும் எல்லை) இடம் இருந்தது. பிரவுன் 1,496 யார்டு எடுத்தார், அணி லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் வரை போனது.

ஸ்டெஃபான் டிக்ஸ் கதை இன்னும் சுவாரசியம். 2020இல் பில்ஸுக்கு வந்த முதல் சீசனிலேயே 127 கேட்ச், 1,535 யார்டு. இரண்டிலும் லீக்கில் முதலிடம். அவரைக் கொடுத்த வைக்கிங்ஸ், பதிலுக்குக் கிடைத்த 22ஆவது பிக்கில் இன்னொரு ரிசீவர் ஜஸ்டின் ஜெஃபர்சனை எடுத்தார்கள். பையன் முதல் வருடமே 1,400 யார்டு, அதுவும் புதுமுகச் சம்பளத்தில்! இரண்டு பக்கமும் லாபம் என்று எல்லாரும் சொன்னோம். அப்புறம் 2024இல் பில்ஸ் டிக்ஸை டெக்சான்ஸுக்கு அனுப்பினார்கள். அவர் தங்களுக்கு ஒரு பந்துகூடப் பிடிக்காத அந்த வருடத்துக்கும் பழைய ஒப்பந்தத்தின் மிச்சமாக பில்ஸின் உச்சவரம்புக் கணக்கில் சுமார் 3.1 கோடி டாலர் ஏறியது. அதற்காக அந்த டிரேடைத் தப்பென்று சொல்ல மாட்டேன். நாலு வருடம் நன்றாகவே அனுபவித்தார்கள்.

மூன்றாவது டவுன்:
கிளேபூல் விஷயத்தில் சம்பளம் ஒரு பிரச்சினையே இல்லையே? அவரும் புதுமுக ஒப்பந்தத்தில்தான் இருந்தார்.

பழைய கணக்குப்பிள்ளை:
உண்மை, அங்கே கோளாறு வேறு. ஒரு சீசனில்கூட 1,000 யார்டு தொடாதவரை, தொட்டுவிடுவார் என்று நம்பி வாங்கினார்கள். சீசன் நடுவில் வந்ததால்தான் சொதப்பினார் என்று சிலர் சொல்வார்கள், எனக்கு ஒப்பவில்லை. 2018இல் அமாரி கூப்பர் கௌபாய்ஸுக்கு வந்ததும் நடு சீசனில்தான். ஒன்பது ஆட்டத்தில் 725 யார்டு; 3-4 என்று தள்ளாடிய அணி 10-6 என்று முடித்தது. ஆனால் அவர் ஏற்கெனவே இரண்டு முறை ஆயிரத்தைத் தாண்டியவர்.

சூடுபட்ட பேர்ஸ் ரசிகன்:
இப்போது புரிகிறது. கிளேபூல் வந்த நாலு மாதத்தில், 2023 மார்ச்சில், அந்த டிராஃப்டின் முதலாவது பிக்கை, எங்களுடையதை, பாந்தர்ஸுக்குக் கொடுத்தபோது பதிலுக்குக் கிடைத்தவற்றில் ரிசீவர் டி.ஜே. மூரும் வந்தார். ஆயிரம் யார்டு அவருக்குப் புதிதல்ல, ஒப்பந்தமும் ஏற்கெனவே எழுதியிருந்தது. அந்த வருடம் 1,364 யார்டு.

பழைய கணக்குப்பிள்ளை:
அடுத்த வருடம் அவருக்கு 11 கோடி டாலருக்கு நீட்டிப்பு எழுதினார்களே, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சூடுபட்ட பேர்ஸ் ரசிகன்:
ஒரு நாளாவது நிம்மதியாக இருக்க விடுங்கள் ஐயா.